பத்மா அக்காவின் கால்களும் இரண்டு கொர்வெட்டுகளும்

பாலத்தின் உச்சி

ஒக்லாந்துத் துறைமுகப் பாலத்தில் வடக்குக் கரையிலிருந்து ஏறுகிறவருக்கு முதலில் வானம் மட்டும்தான் தெரியும். உச்சிக்கு வந்த பிறகே நகரம் எழும்பி நிற்கும். 1998ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அந்த உச்சியில் வைத்துப் புத்தம்புதிய சிவப்புக் கொர்வெட் கார் ஒன்று தானாகவே பிரேக் பிடித்தது. பின்னால் வந்த லொறி ஹோர்ன் அடித்தது. கார் இன்னொரு முறை பிரேக் பிடித்தது, முதல் முறையைவிட உறுதியாக. லொறிக்காரர் பக்கத்து லேனுக்கு வெட்டித் திருப்பியதால், பல் வைத்தியர் தனபாலனும் அவர் மனைவி பத்மாவும் அன்றைய மதியச் சாப்பாட்டுக்கு உயிரோடு போய்ச் சேர்ந்தார்கள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மவுண்ட் வெல்லிங்டனில் நான் வேலை செய்த கார்ப் பட்டறையின் வாசலில் டொக்டர் வந்து நின்றார். அவர் மலேசியாக்காரர், ஈப்போவில் பிறந்தவர், காரைக் ‘காடி’ என்பார். ஆல்பனிப் பக்கம் வீடும் மருத்துவ நிலையமும். வெள்ளை அங்கியைக் கழற்றாமலே வந்திருந்தார்.

“சிவா, உங்க பாஸ் எங்க? இந்தக் காடிக்குப் பேய் பிடிச்சிருக்கு.”

“என்ன நடந்தது டொக்டர்?”

“நடு ப்ரிட்ஜ்ல அதுவா பிரேக் போடுது லா. என் கால் பிரேக் பக்கமே போகல. மிஸ்ஸஸ் கத்துறா, பின்னாடி லொறி கத்துது, இது மட்டும் சத்தம் போடாம நிக்குது.”

“இண்டைக்கு வரேக்கையும் நிண்டதோ?”

“இல்லையே. இன்னிக்குத் தனியா வந்தேன், ரொம்ப ஒழுங்கா வந்துச்சு. அதான் எரிச்சல்.”

மூளை உள்ள ஒருவனுக்கு அந்த ஒரு பதில் போதும். என்னிடம் இருந்தது பட்டம்.

பட்டம்

இயந்திரப் பொறியியல் பட்டம். இலங்கையில் போருக்கு நடுவே, விளக்கு இருந்தபோது விளக்கிலும் இல்லாதபோது ஞாபகத்திலும் படித்து வாங்கியது. ஒக்லாந்துக்கு வந்து அந்தப் பட்டத்தை இருபத்துச்சொச்சம் நிறுவனங்களுக்கு அனுப்பினேன். எல்லாரும் மரியாதையாக ஒரே பதிலை எழுதினார்கள்: உங்களுக்கு நியூசிலாந்து அனுபவம் இல்லை. இங்கே இரும்பு வேறு மாதிரி வளைகிறதோ, தண்ணீர் மேல்நோக்கி ஓடுகிறதோ, எனக்குத் தெரியவில்லை. வேலை கிடைத்தால்தான் அனுபவம், அனுபவம் இருந்தால்தான் வேலை. அந்த வட்டத்துக்குள் என்னைப்போல எத்தனையோ பேர் சுற்றிக்கொண்டிருந்தார்கள். சிலர் சுற்றியபடியே டாக்ஸி ஓட்டினார்கள்.

பட்டறை முதலாளி பாரி, இந்த நாட்டுக்காரர், என்னை எடுத்தார். பட்டத்தைப் பார்த்தல்ல. நான் வெல்டிங் வைத்த ஒரு துண்டை எடுத்துச் சுத்தியலால் மூன்று தரம் அடித்துப் பார்த்து எடுத்தார். “ரெண்டு வருசம் நில்லு. பட்டறைத் தலைப்பு போட்ட தாளில நல்ல கடிதம் ஒண்டு தாறன்” என்றார். பாரி பேசியது ஆங்கிலம். ஆனால் எனக்கு அவருடைய குரல் யாழ்ப்பாணத் தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

அந்த இரண்டு வருடம், பாலத்தில் கார் நின்ற வாரத்தின் வெள்ளிக்கிழமை முடிகிறது. அடுத்த புதன்கிழமை எனக்கு ஒரு நேர்முகம். பம்புகள் வடிவமைக்கும் நிறுவனம். உள்ளூர்க் கடிதம் கட்டாயம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். லின்ஃபீல்டில் எங்கள் வாடகை வீட்டில், என் மனைவி யோகம் நேர்முகச் சட்டையை அப்போதே ஸ்திரி போட்டுக் கதவில் தொங்கவிட்டிருந்தாள். ஒவ்வொரு முறை அறைக்குள் போகும்போதும் என்னைவிட நல்ல நிலையில் உள்ள ஒருவன் கதவடியில் நிற்பது போலிருக்கும்.

முப்பத்திரண்டு வருட இடைவெளி

டொக்டரிடம் இரண்டு கொர்வெட்டுகள். ஒன்று 1966ஆம் ஆண்டுப் பழையது, நீலம். மற்றது 1998ஆம் ஆண்டுப் புதியது, சிவப்பு. இரண்டையும் நான் மாறிமாறி ஓட்டியிருக்கிறேன், இரண்டுக்கும் அடியில் படுத்திருக்கிறேன். ஒரு காரை மேலேயிருந்து பார்ப்பவர் காதலிக்கிறார், கீழேயிருந்து பார்ப்பவருக்கு அதன் குடும்ப விஷயமெல்லாம் தெரிந்துவிடுகிறது.

பழையதை ஸ்டார்ட் பண்ணுவது மருமகளைப் பிறந்த வீட்டிலிருந்து திரும்ப அழைத்து வருவது போன்ற காரியம். கொஞ்சம் கெஞ்ச வேண்டும், கொஞ்சம் முறைக்க வேண்டும், அவசரப்பட்டால் பெற்றோல் அடைத்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஸ்டியரிங் தேர் வடம் பிடிப்பது போல. எல்லாரும் சேர்ந்து இழுத்தால் நல்லது. பின்னால் டிக்கி இருக்கும் என்று தேடுகிறவர் ஏமாந்து போவார். திறக்கக் கதவே கிடையாது. சீட்டை மடக்கி, உள்ளே தலையை விட்டு, பூனை மாதிரி ஊர்ந்துதான் பெட்டியை வைக்க வேண்டும். உடல் ஃபைபர் கிளாஸ், துருப்பிடிக்காது என்று டொக்டர் எல்லாரிடமும் சொல்வார். உண்மைதான். அதன் கீழே இருக்கும் இரும்புச் சட்டம் மட்டும் துருப்பிடிக்கும். மேலே பட்டு, கீழே கிழிசல். ஊரில் சில பெரிய குடும்பங்களும் அப்படித்தான் இருந்தன.

புதியது பேசாமல் ஸ்டார்ட் ஆகும். எண்ணெய், டயர்க் காற்று எல்லாவற்றையும் ஒளி எழுத்தில் எழுதிக் காட்டும், குனிந்து பார்க்கத் தேவையில்லை. காற்றுப் போனாலும் ஓடுகிற டயர். ஆகவே ஸ்பேர் வீல் கிடையாது. தன்மீது அவ்வளவு நம்பிக்கை. டிக்கியில் ஒரு கல்யாணத்துக்கான சாமானை ஏற்றலாம். டொக்டரின் சீட் அவருடைய இடுப்பு எந்த இடத்தில் எவ்வளவு சாயும் என்பதை ஞாபகம் வைத்திருந்தது. கோயிலாகப் பாவித்த மண்டபத்தின் வாசலில் ஐயர் அதன் மூக்கில் சந்தனம் வைத்தபோது, அது காயுமுன்னே டொக்டர் துடைத்துவிட்டார், பெயின்ற் கெட்டுவிடும் என்று. பழையதில் அந்தச் சந்தனப் பொட்டு பத்து வருடமாக இருந்தது.

இரண்டுக்கும் பொதுவாக இருந்தவை: முன்னால் ஒரு நீள மூக்கு, அதற்குள் எட்டு சிலிண்டர், இரண்டே இரண்டு சீட், அவற்றில் ஒன்றில் தனக்கு இன்னும் இருபத்தைந்து வயது என்று நம்பும் ஓர் ஆண். அமெரிக்கர்கள் முப்பத்திரண்டு வருடத்தில் மற்ற எல்லாவற்றையும் முன்னேற்றிவிட்டார்கள்.

பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. பழையது இடதுபக்கம் ஸ்டியரிங் உள்ள அமெரிக்க வண்டி. வயதான வண்டி என்பதால் நியூசிலாந்துச் சட்டம் அதை அப்படியே ஓட விட்டது. புதிய வண்டிக்கு அந்தச் சலுகை இல்லை, ஸ்டியரிங்கை வலதுபக்கம் மாற்றியாக வேண்டும். அந்த மாற்று வேலைதான் எங்கள் பட்டறையின் சோறு. ஆகவே பழைய காரில் டொக்டர் இடப்பக்கமும் பத்மா அக்கா வலப்பக்கமும் இருப்பார்கள். புதியதில் இடம் மாறி உட்கார்ந்தார்கள்.

நாங்கள் மாற்றிய விதம்

ஸ்டியரிங்கை மாற்றுவது பெரிய வேலை, ஆனால் நேர்மையான வேலை. பிரேக் அப்படியல்ல. பிரேக்கை உந்தும் பூஸ்டர் எஞ்சின் அறையில் இடப்பக்கம் இருக்கிறது. அதை வலப்பக்கம் கொண்டுபோக இடமில்லை. எனவே வலப்பக்கம் ஒரு புதுப் பெடல் வைத்து, அங்கிருந்து டாஷ்போர்டின் அடியால் இடப்பக்கத்துக்கு ஒரு கிராஸ் ஷாஃப்ட், அதாவது குறுக்குத் தண்டு, ஓட விடுவோம். டிரைவர் வலதில் மிதித்தால் தண்டு உருண்டு இடதில் பூஸ்டரை அமுக்கும்.

இடதில் அமுக்குவது எது? அமெரிக்கர்கள் வைத்த பழைய பெடல்தான். அதை முழுதாகக் கழற்றிப் புதிதாக ஒரு லீவர் செய்ய ஒரு நாள் வேலை. நான் அந்த ஒரு நாளை மிச்சம் பிடித்தேன். பெடலின் பாதத்தை மட்டும் வெட்டிவிட்டு, அதன் தண்டையே லீவராக வைத்து, கிராஸ் ஷாஃப்டோடு வெல்ட் பண்ணினேன். அதன் முன்னால் ஒரு மெல்லிய பலகையை நிறுத்தி, அதற்குக் கம்பளம் ஒட்டினேன். பார்க்க அழகாக இருந்தது. “ஷீ’ல் பி ரைட்” என்றார் பாரி. எல்லாம் சரிவரும் என்று அர்த்தம். இந்த நாட்டில் விமானம் தவிர மற்ற எல்லாமே இந்த வசனத்தில்தான் ஓடுகிறது.

கணக்கெல்லாம் டிரைவரின் காலுக்குத்தான் போட்டேன். இடப்பக்கப் பள்ளத்தை நான் இயந்திரம் இருக்கும் இடமாகவே பார்த்தேன். வேலை முடியும்வரை அந்தப் பக்கத்துச் சீட்டும் வெளியேதான் கிடக்கும், அங்கேதான் எங்கள் தேநீர்க் கோப்பைகள் இருக்கும். மாற்று வேலைக்குச் சான்று கொடுக்க வந்தவரும் தனியாகவே ஓட்டிப் பார்த்தார்.

மூன்று ஆண்கள்

திங்கட்கிழமை முழுவதும் பேயைத் தேடினோம். முதலில் நான் தனியாக ஓட்டினேன். ஒன்றுமில்லை. பிறகு பாரி ஓட்ட, டொக்டர் பக்கத்தில் இருந்தார். ஒன்றுமில்லை. டொக்டர் ஓட்ட, பாரி பக்கத்தில் இருந்தார். பாரி ஆறடிக்கு மேலே. சீட்டைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளி, காலைக் காலுக்கு மேல் போட்டுக்கொண்டு, சவாரி வந்த மாதிரி இருந்தார். டொக்டர் மோட்டர்வேயில் அவரைப் பயமுறுத்தப் பார்த்தார். பாரி கொட்டாவி விட்டார்.

திரும்பி வந்ததும் பாரி தீர்ப்புச் சொன்னார். “கொம்ப்யூட்டர். புதுக் கார் எல்லாம் இப்பிடித்தான் டொக்டர். ஆபத்து எண்டு கண்டால் அதுவே யோசிக்கும்.”

“யோசிக்குதா? நான் பல்லுப் புடுங்கறப்ப என் நாற்காலி யோசிச்சா நல்லாவா இருக்கும்? பழைய காடி யோசிக்கல, அதுபாட்டுக்கு ஓடுச்சு.”

“பழைய காருக்கு மூளை இல்லை.”

“அப்ப எனக்கு மூளை இல்லாததையே குடு லா.”

டொக்டர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. புதியதைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி வக்கீலிடம் போவேன் என்றார். அவர் போன பிறகு பாரி என்னை அலுவலகத்துக்குள் கூப்பிட்டார்.

“சிவ், நீ படிச்சவன். ரெண்டு காரையும் ஒப்பிட்டு ஒரு தாள் எழுது. பழசு எப்பிடி, புதுசு எப்பிடி. கடைசியில ஒரு வரி போடு: தானா பிரேக் பிடிக்கிறது கொம்ப்யூட்டரின்ர பாதுகாப்பு வேலை, பயப்பட ஒண்டுமில்லை.”

“அப்பிடி ஒரு வேலை இந்தக் கொம்ப்யூட்டருக்கு இல்லையே பாரி. புத்தகத்தில பாத்தனான்.”

“டொக்டர் புத்தகம் வாசிக்க மாட்டார். தாள் வாசிப்பார்.” மேசையில் பட்டறைத் தலைப்புப் போட்ட வெற்றுத் தாள்கள் அடுக்கியிருந்தன. அதில் மேலே இருந்த ஒன்றை எடுத்து என் பக்கம் தள்ளினார். “இதில எழுது. வெள்ளிக்கிழமை உன்ர கடிதமும் இதே தாளிலதான்.”

எழுதினேன். ஒப்பீட்டுப் பகுதியை மிக நன்றாக எழுதினேன், இப்போது நினைத்தாலும் கொஞ்சம் பெருமையாக இருக்கிறது. கடைசி வரியையும் எழுதினேன். அதை எழுதும்போது என் கை நடுங்கியது என்று சொன்னால் உங்களுக்குப் பிடிக்கும். நடுங்கவில்லை. மிகத் தெளிவாக இருந்தது கையெழுத்து.

அக்கா வந்த நாள்

வியாழக்கிழமை டொக்டர் தாளை வாங்க வந்தார், இந்த முறை பத்மா அக்காவும் கூட. அக்கா ஐந்தடி இருப்பார். பழைய நீலக் காரில் வந்து இறங்கியவர் நேரே என்னிடம் வந்தார்.

“தம்பி பசியாறிட்டீங்களா?”

“ஓம் அக்கா.”

“குடுங்க பார்ப்போம், என்னா எழுதியிருக்கீங்க.”

டொக்டர் தாளை நீட்டினார். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றபடியே வாசித்தார். வாசித்து முடித்து, கடைசி வரிக்குத் திரும்பி வந்தார்.

“ஆபத்துன்னா இதுக்குத் தெரியும்னு போட்டிருக்கு.”

“ஓம்.”

“யாருக்கு ஆபத்துன்னா?”

நான் என் கடைசி வரியை மறுபடி வாசித்தேன்.

“இல்ல தம்பி, நான் பார்த்துட்டேன். இவரு தனியாப் போனா அது நிக்கிறதில்ல. எனக்குப் பயமா இருந்தாத்தான் நிக்குது. அன்னிக்கு ப்ரிட்ஜ்ல ஏறறப்ப இவரு பறக்கறாரு, எனக்கு அடிவயிறு கலங்குது, உடனே நின்னுச்சு. பின்னாடி லொறி வந்துச்சு, இன்னும் பயந்துட்டேன், இன்னும் நல்லா நின்னுச்சு. அந்தக் கம்ப்யூட்டர் எப்படி என் வயித்த பார்க்குது?”

“பத்மா, சும்மா இரு” என்றார் டொக்டர்.

“இருபத்தெட்டு வருசமா சும்மாதான் இருக்கேன் என்னாங்க. உங்க பழைய காடியில நான் எத்தனை தடவ பயந்திருப்பேன். ஒரு நாளாச்சும் நின்னுச்சா?”

அக்காவைப் புதிய காரின் இடப்பக்கச் சீட்டில் ஏறி உட்காரச் சொன்னேன். அவர் செய்த முதல் வேலை, சீட்டை முன்னுக்கு இழுத்தது. கீழே இருக்கும் தண்டவாளத்தின் கடைசிப் பல்லுவரைக்கும் இழுத்தார். அவருடைய இரண்டு பாதங்களும் என் கம்பளப் பலகையில் போய் நின்றன.

“அக்கா, டொக்டர் வேகமா ஓடேக்க நீங்க என்ன செய்வீங்க?”

“என்னா செய்வேன், சாமியக் கும்பிடுவேன்.”

“கால் என்ன செய்யும்?”

அவர் யோசித்தார். பிறகு சிரித்துக்கொண்டே பாதங்களைப் பலகையில் ஊன்றி ஒரு அமுக்கு அமுக்கினார். பலகை உள்ளே வளைந்தது. வலப்பக்கத்தில், டிரைவரின் பிரேக் பெடல், யாரும் தொடாமலே, மெதுவாகக் கீழே போனது. காருக்குப் பின்னால் நின்ற பாரியின் முகத்தில் பிரேக் விளக்கின் சிவப்பு வெளிச்சம் விழுந்தது.

பாதத்தை வெட்டிவிட்டாலும் பெடல் பெடல்தான். ஓட்டப் பழக்குகிற காரில் மாஸ்டருக்கு ஒரு பிரேக் இருக்குமே, அதே மாதிரி ஒன்றை நான் அக்காவுக்குச் செய்து, கம்பளம் போட்டு மூடிக் கொடுத்திருந்தேன். அவர் பயந்தார், கால் ஊன்றியது. கால் ஊன்ற, கார் நின்றது. கார் நிற்க, இன்னும் பயந்தார்.

டொக்டர் குனிந்து அக்காவின் பாதங்களைப் பார்த்தார். “அப்ப இந்தக் காடி வந்த ரெண்டு வாரமா,” என்றார் பிறகு, “நீதான் ஓட்டியிருக்கே.”

“நிறுத்தி மட்டும்தான் இருக்கேன்” என்றார் அக்கா. “தம்பி, அந்தப் பழைய காடிக்கும் இதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்க.”

விரல்

பாரி என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

“இதைச் சரி பண்ணு. இண்டைக்கே. இரும்புப் பெட்டி வைச்சு மூடு. டொக்டரிட்ட நான் கதைக்கிறன். இதோட முடிஞ்சுது.”

“முடியேல்லை பாரி. இன்னும் ஆறு கார் இருக்கு. எல்லாத்துக்கும் அதே மாதிரித்தான் வெட்டினனான்.”

“அவையள் ஒருத்தரும் முறைப்பாடு சொல்லேல்லையே.”

“டொக்டரும் போன கிழமைவரைக்கும் சொல்லேல்லை.”

பாரி நாற்காலியில் உட்கார்ந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஏழு காரை ஒன்றாகத் திரும்ப அழைத்தால் ஊர் முழுக்கப் பட்டறையின் பெயர் நாறும் என்று பயந்தார், அவ்வளவுதான். பயந்த மனிதர் கிடைத்ததில் கால் ஊன்றுவார். அவர் கால் என் கடிதத்தில் ஊன்றியது.

“யோசிச்சுப் பார் மேட். வெல்டிங் உன்ரது. நான் திரும்பக் கூப்பிட்டால், ஏன் எண்டு எழுத வேணும். அப்ப உன்ர நியூசிலாந்து அனுபவம் என்ன? ஏழு காரில ஒரே பிழை. அந்தக் கடிதத்தோட எங்க போவாய்? மற்ற ஆறையும் அது அது வரேக்க ஒவ்வொண்டாப் பாப்பம், சத்தமில்லாம. நாளைக்கு உனக்கு நல்ல கடிதம்.”

நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தேன். இருபுறமும் அர்த்தம் கொள்ளக்கூடிய தலையாட்டல் ஒன்று நம் ஆட்களிடம் இருக்கிறது. அதைப் பிறந்ததிலிருந்தே பழகியிருக்கிறேன்.

வாசலில் பத்மா அக்கா நின்றார். கதவுக்கு வெளியே பாதி கேட்டிருக்கும்.

“தம்பி, எத்தனை காடிக்கு இப்படிச் செஞ்சிருக்கீங்க?”

“இதோட சேத்து ஏழு அக்கா.”

“அதுல பக்கத்துல உக்கார்றவங்களுக்கு யாரு சொல்றது?”

அவர் குரலை உயர்த்தவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தார், பல் வைத்தியரின் மனைவிக்குரிய பொறுமையோடு. நான் திரும்ப உள்ளே போய் வேலைப் புத்தகத்தை விரித்தேன். முதல் பெயரைக் கண்டுபிடித்து, பாரியின் மேசையில் இருந்த போனை எடுத்து எண்ணை அழுத்தினேன். மணி அடித்தது. பாரி கை நீட்டி, ஒரு விரலால் போனின் பொத்தானை அமுக்கினார். இணைப்பு அறுந்தது.

நான் அந்த விரலைப் பார்த்தேன். நகத்துக்குள் இருபது வருட கிரீஸ். யோகத்தையும் கதவில் தொங்கும் சட்டையையும் நினைத்தேன். பிறகு இன்னொரு தரம் அதே எண்ணை அழுத்தினேன், முதல் தடவையைவிட மெதுவாக, அவருக்கு அவகாசம் இருக்கட்டும் என்று. அவர் விரல் மேசையில் கிடந்தது. எழும்பவில்லை.

ஆறு வீட்டுக்கும் பேசினேன். பிழை என்னுடையது, காரை ஓட்டாமல் வையுங்கள், நாங்களே வந்து ஏற்றிக்கொள்கிறோம் என்றேன். இரண்டு பேர் ஏசினார்கள். ஒருவர் நன்றி சொன்னார். ஒருவர், தன் பக்கத்துச் சீட்டில் இதுவரை யாரும் உட்கார்ந்ததில்லை என்றார். ஐந்தாவது வீட்டில் ஒரு பெண் எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“அது எனக்கு எட்டு மாசமாத் தெரியுமே” என்றார். “அவரிட்டச் சொல்லிப் போடாதேங்கோ.”

ஆறாவது வீட்டில், கார்க்காரர் ஊரில் இல்லை என்றார்கள். அவருடைய காரும் கொட்டிலில்தான் நின்றது. இவ்வளவு காலமும் எவருக்கும் ஒரு கீறல்கூட விழாமல் போனது என் கெட்டித்தனம் அல்ல.

கடிதம்

வெள்ளிக்கிழமை நான் டொக்டரின் காரில் பழைய பெடலை முழுதாக வெட்டி எடுத்து, புது லீவர் செய்து, ஆள் கால் படாதபடி இரும்பு உறை போட்டேன். மிச்சம் பிடித்த அந்த ஒரு நாளை முழுதாகச் செலவழித்தேன். மற்ற கார்கள் சனிக்கிழமையிலிருந்து ஒவ்வொன்றாக டிரக்கில் வந்தன. வாசலில் கொர்வெட்டும் மற்ற அமெரிக்க வண்டிகளுமாக வரிசையாக நின்றதைப் பார்த்து, வழியால் போனவர்கள் பட்டறைக்கு நல்ல காலம் என்று நினைத்திருப்பார்கள்.

வக்கீல் வரவில்லை. டொக்டர் அந்தக் காரைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனபோது, பழையதோடு ஒப்பிட்டு ஒரேயொரு குறை சொன்னார்: “இப்ப மிஸ்ஸஸ் ரொம்பப் பேசுறா.” கால் வேலை செய்யாவிட்டால் வாய் செய்யத்தானே வேண்டும் என்றார் அக்கா.

செவ்வாய்க்கிழமை மாலை, நான் கை கழுவிக்கொண்டு நிற்கும்போது பாரி ஒரு உறையைக் கொண்டுவந்து தந்தார். உள்ளே பட்டறைத் தலைப்புத் தாள். நிறையப் புகழ்ச்சி. நடுவில் ஒரு வரி: இரண்டு வருடங்களில் இவர் செய்த வேலை ஒன்றும் பட்டறைக்குத் திரும்பி வந்ததில்லை.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவருக்குப் பின்னால், காரை உயர்த்தும் தூக்கியில், ஐந்தாவது கார் தொங்கிக்கொண்டிருந்தது.

“பாரி, இது பொய்.”

“காரை உண்மையாச் செய்ய வேணும். கடிதம் அப்பிடியில்லை.”

“ஏழு வந்தது எண்டே எழுதுங்கோவன். நான் கூப்பிட்டுத்தான் வந்தது எண்டும்.”

“அதை ஆர் வாசிப்பான், சிவ்?” என்றார். ஆனால் உறையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். கால் மணி நேரம் கழித்து வேறொரு தாள் வந்தது. மூன்றே வரி: இவர் ஏழு கார்களில் ஒரு பிழை விட்டார். தானே கண்டுபிடித்துத் தானே எல்லாரையும் அழைத்தார். நான் தடுத்தும் கேட்கவில்லை. கீழே கையெழுத்து. தானே கண்டுபிடித்தார் என்பது சரியில்லை, அக்காதான் கண்டுபிடித்தார். அதையும் திருத்தச் சொன்னால் அடிப்பார் என்று விட்டுவிட்டேன்.

வீட்டில் யோகம் இரண்டு தடவை வாசித்தாள். “உங்களுக்கு என்ன விசரோ? இதைக் கொண்டுபோய்க் குடுக்கப் போறியளோ?”

“வேற கடிதம் இல்லையே.”

“இருந்த நல்லதைத் திருப்பிக் குடுத்திட்டு, வேற இல்லையெண்டு சொல்லுங்கோ.”

புதன்கிழமை அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இளைஞர், நல்ல கழுத்துப்பட்டி. உள்ளூர்க் கடிதம் இருக்கிறதா என்று கேட்டார். நீட்டினேன். ஏழு கார்களைப் பற்றிக் கேட்டால் சொல்வதற்கு, பஸ்ஸில் வரும்போதே ஆங்கிலத்தில் வசனங்களை அடுக்கி வைத்திருந்தேன்.

அவர் கடிதத்தை விரிக்கவில்லை. உறையின் மேலிருந்த பட்டறைத் தலைப்பை ஒரு பார்வை பார்த்தார். முன்னால் இருந்த படிவத்தில், உள்ளூர் அனுபவம் என்ற சின்னப் பெட்டிக்குள் ஒரு சரி போட்டார். உறையைக் கோப்பில் செருகி மூடினார். பிறகு பம்புகளைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார்.

வேலை கிடைத்தது. அங்கே பதினொரு வருடம் இருந்தேன். அந்தக் கோப்பை யாரும் திறந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இரண்டு. எதைச் செய்தாலும், அதில் பயந்துகொண்டு உட்காரப்போகிற ஆளைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பாருங்கள். மற்றது, உங்களை வாய் மூடச் சொல்லி எவராவது ஒரு தாளைக் காட்டினால், அந்தத் தாளை யார் வாசிக்கப் போகிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். ஆறு வீட்டுக்காரரின் உயிரை நான் ஏறக்குறைய விற்கப் பார்த்தது, ஒருவரும் வாசிக்காத ஒரு கடிதத்துக்கு.